மடக்கிய கட்டைவிரல்

அம்மா,

இன்று காலை பேங்க்கில் கவுன்ட்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்தான். நரைத்த தாடியையும் மடித்துக் கட்டிய வேட்டியையும் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராயரைத் திறந்து மைப் பெட்டியை எடுத்தான், மூடியைக் கழற்றினான், என் பக்கம் தள்ளினான்.

அந்த ஊதா மையின் வாசனை உனக்குத் தெரியும். பழைய மருந்துக் கடையைத் திறந்த மாதிரி இருக்கும். அறுபத்தெட்டு வயது வரை என் கட்டைவிரலில் இருந்த வாசனை அது. மூக்கில் ஏறியதும் நீ ஞாபகத்துக்கு வந்தாய். கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாடகை வசூலுக்கு வந்து, ஸ்கூட்டியை எங்கள் பி பிளாக் வாசலில் சாய்த்து நிறுத்தும் நீ.

நான் மைப் பெட்டியை மூடித் திருப்பித் தள்ளினேன்.

"பேனா குடுப்பா" என்றேன்.

பையன் சிரித்துக்கொண்டே கொடுத்தான். என் பெயர் நீளமானது. வைத்தவர்கள் யாருக்கும் அதை எழுதவேண்டி வரவில்லை, அதனால் தாராளமாக வைத்துவிட்டார்கள். நான் மெதுவாக எழுதினேன். பின்னால் நின்ற ஆள், "பெரியவரே, ரயிலு போய்டும்" என்றான். "போவட்டும், அடுத்தது வரும்" என்றேன். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். வெளியே வந்து கொஞ்ச நேரம் வெயிலில் சும்மா நின்றேன். சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல ஆள் நீதான். அதனால் எழுதுகிறேன்.

நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்வேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும், அதற்கு அந்த மரியாதை. இப்போது அட்டை இல்லை. நீ என்னை அப்பாவைக் கூப்பிடுவது போல 'நைனா' என்று கூப்பிட்டதற்கு ஈடாக நான் 'நீ' என்று எழுதுகிறேன்.

நீ முதல் முதலாக வந்த நாளில் நாங்கள் உன்னை எவ்வளவு கிண்டல் செய்தோம்! அரசாங்க வாடகைக் குடியிருப்புக்குப் புது பில் கலெக்டர், அதுவும் ஒரு பொம்பளை. பக்கத்து வீட்டு கோவிந்தசாமி மாடியிலிருந்து கத்தினான்: "டேய், கலெக்டரம்மா வந்துகினு கீறாங்க! சிவப்பு வெளக்கு வெச்ச கார எங்கடா காணோம்?"

நீ தலையை நிமிர்த்தி, "பெட்ரோல் தீந்துபோச்சி. நீ கீழ எறங்கி வந்து தள்றியா?" என்றாய். பிளாக் முழுக்கச் சிரித்தது. கோவிந்தசாமி இறங்கி வரவில்லை.

அப்புறம் என் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினாய். உன் பட்டியலில் நான்தான் முதல் பெயர். "நைனா, ரெண்டு வருசமா வாடக ஒண்ணியும் வர்ல. பதினோரு வீடு. அடுத்த மாசம் பூட்டு போடச் சொல்லிட்டாங்க" என்றாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்களை என்ன நினைத்தாய்? தறிக்காரன் வாடகை தராமல் குடியிருப்பானா? "உள்ள வாங்கம்மா, காட்றேன்" என்று சொல்லி, சுவரில் தொங்கிய சீட்டுக் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆந்திர எல்லையோரம் இந்த நகரியில் எந்தத் தறிக் கொட்டகைக்குப் போனாலும் அந்தக் கம்பி இருக்கும். அடியில் ஒரு வட்டம், மேலே ஒரு கொக்கி. வருகிற காகிதத்தை எல்லாம் அதில் குத்துவது வழக்கம். எங்கள் முதலாளி சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கும்போது ஒரு சீட்டும் கொடுப்பார். "வாடகைய நீங்க மாசம் பொறந்து அஞ்சாம் தேதி கட்டணும்னா கையில நிக்காது. வாரா வாரம் நானே புடிச்சிக்கினு ஆபீஸ்ல கட்டிடறேன்" என்று அவர்தான் சொன்னார். பதினோரு வீட்டுக்காரர்களும் அவர் கொட்டகையில் வேலை செய்தவர்கள். பதினோரு வீட்டிலும் ஒரு கம்பி. தறிகளைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு அவர் ஊரை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. போனால் போகட்டும், சீட்டு நம்மிடம் இருக்கிறதே என்று நாங்கள் தைரியமாக இருந்தோம்.

நீ வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாய். என் மனைவி சரசா தண்ணீர் கொண்டுவந்தாள். நீ வேண்டாம் என்றாய். உன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நைனா, இது வாடக ரசீது இல்ல. கூலிச் சீட்டு. எத்தினி பொடவ நெய்ஞ்ச, எவ்ளோ கூலி, வாடகைக்குன்னு எவ்ளோ புடிச்சாரு, அவ்ளோதான் கீது. அவரு புடிச்சிக்கினாரு. ஆபீசுக்கு வர்ல."

நீ இன்னும் தள்ளிக்கொண்டே போனாய். ஓர் இடத்தில் நின்றாய். சீட்டுகளுக்கு நடுவில் நான்காய் மடித்த ஒரு பெரிய காகிதம், அதிலும் கம்பி குத்தியிருந்தது. கொஞ்சம் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

"இது எங்க ஆபீஸ் நோட்டீஸ் ஆச்சே! பாக்கி கீது, பத்து நாள்ல வந்து பாருன்னு எழுதியிருக்காங்க. மூணு நோட்டீசு. மூணையும் பிரிக்காம குத்தி வெச்சிருக்கியே நைனா!"

"காகிதம் வந்தா குத்தி வெப்போம்மா" என்றேன்.

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. எங்களுக்குப் பரிந்தும் பேசவில்லை. "மத்த பத்து கம்பியையும் கொண்டாங்க" என்றாய். அன்று சாயங்காலம் வரை பதினோரு கம்பியும் உன் முன்னால் கிடந்தன. ஒரு வீடு பாக்கி இல்லாமல் எல்லாவற்றிலும் கூலிச் சீட்டுகளோடு அந்த நோட்டீசுகளும் இருந்தன. எங்களைத் தெருவில் நிறுத்தப்போகும் செய்தியை நாங்களே பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தோம்.

திருப்பதிக்குப் போன நாளை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன்.

பெரிய ஆபீசர் பதினோரு பேரையும் வரச் சொல்லியிருந்தார். புத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். கையில் ஆளுக்கொரு கம்பி. கண்டக்டர், "இன்னாய்யா, மீன் புடிக்கப் போறீங்களா?" என்று கேட்டான். நீயும் அதே பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தாய், எங்களோடு வராதவள் போல. இறங்கியதும் பஸ் ஸ்டாண்ட் தூண் மறைவில் என்னைக் கூப்பிட்டாய்.

"நைனா, நான் ஆபீஸ் ஆளு. உள்ள உங்களுக்காக எவ்ளோ பேச முடியும்னு தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். படிச்சிக் காட்டாத காகிதத்துக்கு வெரல குடுக்காதீங்க."

அந்த ஒன்று போதுமாக இருந்தது.

ஆபீசர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர். எங்கள் கதையைப் பாதி கேட்டார். "பணம் அவனுக்குக் கொடுத்தீங்க, எங்களுக்கு இல்ல. நோட்டீசும் அனுப்பியாச்சு" என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். பியூன் மைப் பெட்டியைத் திறந்து வைத்தான். அதே வாசனை. "வேலிமுத்ர வெய்யண்டி" என்றார். கைநாட்டு வை என்று தெலுங்கில் எத்தனை ஆபீசில் கேட்டிருக்கிறேன்! கேட்டதும் விரல் தானாக நீளும். அன்றும் நீண்டது. பாதி வழியில் உன் பேச்சு ஞாபகம் வந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலையும் அதன்மேல் மூடிக்கொண்டேன்.

"இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிக் காட்டுங்க சார்."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். படிச்சா உனக்குப் புரியுமா?"

"புரியலன்னா மறுபடி ஒருவாட்டி படிங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். கோவிந்தசாமி கையை மடக்கியிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டு முனியம்மா, அவளும். பதினோரு கை, பதினோரு கட்டைவிரல், எல்லாம் உள்ளே. பியூன் மைப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

"எனக்கு நேரமில்ல" என்றார் ஆபீசர்.

"எங்களுக்கு நெறைய கீது சார். தறிதான் இல்ல" என்றான் கோவிந்தசாமி.

ஆபீசருக்குக் கோபம் வந்து, சுவரோரம் நின்ற உன்னைப் பார்த்து, "நீயே இவங்க பாஷையில படிச்சிக் காட்டும்மா" என்றார். சுருக்கமாகச் சொல்லிவிடுவாய் என்று நினைத்திருப்பார். நீ காகிதத்தை வாங்கினாய். மேலிருந்து கீழ்வரை ஒரு வார்த்தை விடாமல், தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில், தமிழில் படித்தாய். 'எங்கள் சொந்த விருப்பத்தின்படி வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறோம்' என்ற இடம் வந்தது. அந்த இடத்தை நீ இரண்டு முறை படித்தாய். யாரும் கேட்கவில்லை. நீயாகவே படித்தாய்.

பிறகு முனியம்மா தன் கம்பியை ஆபீசர் மேஜைமேல் வைத்தாள். "எங்க விருப்பம் இதுல கீது சார். வாரா வாரம் கட்டணும்னுதான் எங்க விருப்பம். பாருங்க" என்றாள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு கம்பியும் மேஜைக்குப் போயின.

அப்போதுதான் நீ உன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாய். "சார், சனிக்கெழம கூலி வாங்கறவங்கள அஞ்சாம் தேதி கேட்டா எங்கருந்து வரும்? அந்த ஆளு ஏமாத்தினதே இந்த எடத்துலதான். நாமளே சனிக்கெழம போய் வாங்கிக்கலாம். அந்த வாரத்து வாடகையோட பழைய பாக்கில கொஞ்சம். நான் போறேன். என் லீவு நாளு அது" என்றாய்.

ஆபீசர் தாளையும் கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "ஒரு சனிக்கிழமை தவறினாலும் முதல் பூட்டு இந்தப் பெரியவர் வீட்டுக்கு. முதல் மெமோ உனக்கு" என்றார்.

கம்பிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு நாங்கள் வரும்போது பஸ்ஸில் நீ எங்களோடு உட்கார்ந்தாய். எங்கள் வீடும் உன் வேலையும் அன்று முதல் ஒரே கயிற்றில் தொங்கின.

முதல் சனிக்கிழமை. நான் வேறு கொட்டகையில் சேர்ந்திருந்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தில் விரலை நீட்டினேன்.

"ரேக வேணாம். பேர எழுது."

"எனக்கு எழுதத் தெரியாதேம்மா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கி ஒரு எழுத்து எழுது. மிச்சத்த அடுத்த வாரம் எழுது."

"ஆபீஸ்ல கேட்டாங்கன்னா?"

"பாக்கி தவணையில வருது, பேரும் தவணையில வருதுன்னு சொல்றேன்."

சரசா உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுதிய முதல் எழுத்து, கால் உடைந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அதோடு இன்னொன்று. பேர் முழுசாக வர ஏழு வாரம் ஆனது. அது தெலுங்கு, ஆபீஸ் புத்தகத்துக்கு. எட்டாவது வாரம் நீ ரசீதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதினாய். "ஆபீசுக்குத் தெலுங்கு. உனக்குத் தமிழு" என்றாய். அப்புறம் ஒவ்வொரு ரசீதின் முதுகிலும் தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று எழுத்து வந்தது. முன்பக்கம் பாக்கி குறையும், பின்பக்கம் எழுத்து கூடும். இந்த வயதில் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். "நாளைக்கி நான் வேற ஊருக்கு மாத்தலாயிட்டா உன் நோட்டீச யாரு படிப்பா? கம்பியா?" என்றாய்.

பேங்க் கணக்குக்கு நான் எவ்வளவு முரண்டு பிடித்தேன்! பேங்க் நிலம் வைத்திருப்பவனுக்கு, நமக்கு எதற்கு என்று கத்தினேன். நீ வேண்டுமென்றே சரசாவைப் பார்த்து, "அப்போ ஒன் பேர்ல மட்டும் தெறக்கலாம்மா. நைனா வேணும்னா ஒன்னக் கேட்டு வாங்கிக்கட்டும்" என்றாய். மறுநாள் நான் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். பதினோரு வீட்டுக்காரர்களும் கணக்குத் திறந்து, வாரம் மிஞ்சிய சில்லறையைப் போட்டு வைத்தோம். பிடிக்காமல்தான் போட்டேன்.

ஆடி மாதம் நூல் வராமல் எல்லாக் கொட்டகையும் நின்றது. அந்தச் சனிக்கிழமை கூலி இல்லை. நீ வந்தாய், பையைத் திறக்காமல் நின்றாய். உன் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். "உன் கையிலருந்து போட்டு சமாளிச்சிடேம்மா, அப்பால தந்துடறோம்" என்றான் கோவிந்தசாமி. நீ ஒரே பேச்சாக மறுத்தாய்: "மாட்டேன். நான் போட்டா நாளைக்கி நான் முதலாளி ஆயிடுவேன். அது வேணாம்."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. எங்களைப் பார்த்து இரக்கப்படாத ஓர் ஆள் கிடைத்திருக்கிறாளே என்று இருந்தது. உள்ளே போய்ப் பாஸ் புத்தகத்தை எடுத்தேன். பேங்க் மூட ஒரு மணி நேரம் இருந்தது. பதினோரு பேரும் நடந்தோம், நடந்தோம் என்ன, ஓடினோம். முனியம்மாவிடம் குறைந்ததை நான் போட்டேன், என்னிடம் குறைந்ததைச் சரசா தன் கணக்கிலிருந்து எடுத்துத் தந்தாள். அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். நீ பேங்க் வாசலில் ஸ்கூட்டிமேல் பையை வைத்துக்கொண்டு ரசீது எழுதினாய். அந்த ரசீதின் முதுகில் அன்றும் எழுத்து இருந்தது.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் நான் முதலில் எடுத்துப் படித்தது எதை என்று தெரியுமா? அந்தப் பழைய கம்பியைத்தான். 'வாடகை பிடித்தம்.' சீட்டு சீட்டாகப் படித்தேன். படிப்பு வந்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். ஓடிப்போன ஆளிடமிருந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஆனால் நான் எவ்வளவு கொடுத்தேன் என்று இப்போது எனக்கே தெரியும். வேறு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாக்கி முடிந்த சனிக்கிழமை, நீ கடைசி ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சரசம்மா, தண்ணி குடு" என்றாய். இத்தனை நாளும் எங்கள் வீட்டில் ஒரு மடக்கு குடிக்காதவள். "பாக்கி கீற வீட்ல தண்ணி குடிச்சா அடுத்த வாரம் வாயத் தெறந்து கேக்க முடியாது" என்று சொல்லிச் சிரித்தாய். சரசா உன்னை விடவில்லை. "தண்ணி மட்டும் இன்னாத்துக்கு, சோறு துன்னுட்டுப் போ" என்று உட்கார வைத்தாள். வேர்க்கடலைத் துவையலை மூன்று முறை கேட்டு வாங்கினாய். நான் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு வெறுமையாக இருந்தது.

"பாக்கி முடிஞ்சிபோச்சி. எழுத்து இன்னும் முடியலையேம்மா" என்றேன்.

"இனிமே நீ எழுது, நான் படிக்கறேன்" என்றாய்.

அதற்கு நீ இடம் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நீ வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. ஒரு வாரக் காய்ச்சலில், திருப்பதி ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய் என்று பிறகுதான் தெரிந்தது. பதினோரு வீட்டுக்காரர்களும் பஸ் பிடித்து உன் ஊர் விஜயபுரம் வந்தோம். உன் அம்மா எங்களைப் பார்த்து, "யாரு நீங்க?" என்று கேட்டாள். "பாக்கிக்காரங்க" என்றான் கோவிந்தசாமி. வேறு சரியான வார்த்தை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சனிக்கெழம ஆனா வூட்ல நிக்கமாட்டா. உங்களாலதானா?" என்றாள்.

இப்போது புது ஆள் வருகிறான். நல்ல பையன்தான். கையில் ஒரு மெஷின். அதில் சின்னக் கண்ணாடி, சிவப்பாக வெளிச்சம். முதல் நாள் வந்து, "தாத்தா, இதுல கட்டவெரல வைங்க" என்றானே பார்க்கலாம்! இவ்வளவு பாடுபட்டுக் கையெழுத்துக் கற்றுக்கொண்டபின் உலகம் சுற்றிக்கொண்டு மறுபடியும் என் கட்டைவிரலுக்கே வந்து நிற்கிறது. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

"மொதல்ல அந்த ஸ்கிரீன இப்படித் திருப்பு" என்றேன்.

"எல்லாம் தெலுங்குல கீது தாத்தா."

"திருப்புப்பா."

திருப்பினான். படித்தேன். மாதம், வீட்டு நம்பர், தொகை. ஒரு மாதத்து வாடகை கட்டியது ஏறவில்லை. ரசீதைக் காட்டினேன். அவன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சரிசெய்தான், கால் மணி நேரம் ஆனது. அதுவரை என் விரல் உள்ளேதான் இருந்தது. இப்போது பி பிளாக்கில் எல்லோரும் என்னைக் கூப்பிட்டுத்தான் ஸ்கிரீனைப் படிக்கச் சொல்கிறார்கள். பக்கத்துப் பிளாக்கிலிருந்தும் நோட்டீசைக் கொண்டு வருகிறார்கள். குத்தாமல் கொண்டு வருகிறார்கள்.

வெறுமையாக இருந்த அந்தக் கடைசி ரசீதின் முதுகில் நேற்று உன் பெயரை எழுதினேன். என் பெயரைவிடச் சின்னது, சீக்கிரம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அனுப்ப விலாசம் இல்லை. அந்த ரசீதின் மேலேயே, அதே கம்பியில் குத்தி வைக்கிறேன். அந்தக் கம்பியில் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இன்று சனிக்கிழமை. கீழே வண்டிச் சத்தம் கேட்கிறது. கோவிந்தசாமி மாடியிலிருந்து கத்துகிறான். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன் அம்மா. கட்டைவிரல் மடங்கித்தான் இருக்கிறது.